கத்தரிக்கோல் சோசலிசம்

ஹிட்லரின் படையைப் பெர்லின்வரை துரத்தியடித்த சோவியத் வல்லரசு, ஒரு பேண்ட்டைப் பார்த்து வெலவெலத்துப் போனது. பேண்ட் காலைக் கவ்விப் பிடித்ததாம். டை கண்ணைப் பறித்ததாம். ஷூவின் அடி ரொம்பத் தடிமனாம். இதற்குமேல் சோசலிசம் தாங்குமா? கொம்சோமோல் இளைஞரணி கத்தரிக்கோலும் கையுமாகத் தெருவில் இறங்கியது.

வலேரி தொதரோவ்ஸ்கி 2008இல் எடுத்த ‘ஸ்தில்யாகி’ (ஸ்டைல் பையன்கள்) என்ற இசைப்படம் இந்தக் கூத்தைத்தான் சொல்கிறது. 1955, மாஸ்கோ. எடுத்த எடுப்பிலேயே ரெய்டு. தோழர் காத்யாவின் தலைமையில் பிடிபட்டவர்களின் உடுப்பைத் தேசபக்தியோடு நறுக்குகிறார்கள். நாயகன் பெயர் மெல்ஸ்: மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின், ஸ்டாலின். பிள்ளைக்குப் பெயர் வைத்தார்களா, பொலிட்பீரோ அமைத்தார்களா தெரியவில்லை. காதல் வந்ததும் கடைசி எழுத்தை உதறிவிட்டு மெல் ஆகிறான். ஸ்டாலினே 1953இல் போய்ச் சேர்ந்தாயிற்று, அவருடைய மெய்யெழுத்து போனால் என்ன? அப்படிக் கேட்டுவிட முடியுமா! கூட்டம் கூட்டி, பெஞ்சைத் தட்டி, பாட்டாகவே பாடி அவனை வெளியே தள்ளுகிறார்கள். அந்தப் பாட்டு 1980களில் அதே அமைப்பைக் கிழித்துப் பாடிய ரஷ்ய ராக். குற்றவாளியின் வாக்குமூலத்தை நீதிபதி வாயிலேயே வைத்த குறும்புக்கு இயக்குநருக்கு ஒரு கும்பிடு.

எனக்கு வயிறு எரிவது வேறிடத்தில். இந்த ஸ்டைல் பையன்களை முதலில் ஊர் சிரிக்க வைத்தது போலீஸ் அல்ல, ‘க்ரொகதீல்’ என்ற நையாண்டிப் பத்திரிகை. 1949இல் அதன் எழுத்தாளர் ஒருவர், நடனமாடிய ஒரு வாலிபனின் கோட்டையும் பேண்ட்டையும் நிறம் நிறமாக வர்ணித்துக் கிழிகிழியென்று கிழித்தார். அந்த வருடம் ஸ்டாலினின் முகாம்களிலும் சிறைக் குடியிருப்புகளிலும் இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்தார்கள். அங்கே போகத் துணியாத பேனா, பொடியன் ஒருவனின் காலணியில் போய் வீரம் காட்டியது. அரண்மனையைப் பார்த்துக் குரைக்க வேண்டியது அரண்மனை வாசலிலேயே எலும்புக்கு உட்கார்ந்தால், அதற்குப் பெயர் அங்கதமா? காட்டிக்கொடுத்தல் என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது.

எலும்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. கடையில் கிடைக்காத ஜாஸ் இசையை, ஆஸ்பத்திரி கழித்துப்போட்ட எக்ஸ்ரே படங்களில் பதிந்து திருட்டுத்தனமாக விற்றார்கள். வட்டமாக வெட்ட ஒரு கத்தரிக்கோல், நடுத்துளை போட எரியும் சிகரெட். யாரோ ஒருவரின் விலா எலும்பின்மேல் சாக்ஸபோன் சுழன்றது. அந்நாட்டில் கத்தரிக்கோல் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான். அதற்கும் ஜெயில்.

படத்தின் முடிவில் மெல்லும் காதலியும் தெருவில் நடக்க, இன்றைய பங்க் இளைஞர்கள்வரை எல்லா வண்ணத்து வாலிபர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அப்பாடா, பீடை விட்டது!

விட்டதா? 2023 டிசம்பரில் அதே மாஸ்கோவில், இரவு விடுதி விருந்தொன்றுக்கு ஒரு ராப் பாடகர் ஒற்றைக் காலுறையால் மானத்தை மறைத்துக்கொண்டு வந்தார். பதினைந்து நாள் சிறை. பிறகு ராணுவ அலுவலகத்திலிருந்து அழைப்பாணை. விருந்துக்கு வந்த பிரபலங்கள் ஒருவர் பின் ஒருவராக வீடியோவில் மன்னிப்புக் கேட்டார்கள். இந்தத் தடவை எல்லோரும் ஒழுங்காக உடுத்தியிருந்தார்கள்.