ஒழுகல் துப்பறிவாளர்

அவர் காரில் ஏறப் போனால் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்வார். கோயில் மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். வெறுங்காலால் மிதித்துப் பார்த்து, கார்பெட்டில் எந்த இடம் ஈரமாக இருக்கிறது என்று நீங்கள் சாட்சி சொல்ல வேண்டும்.

சென்னையில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும், கார் இருபத்தைந்தைத் தொட்டிருக்கும். பெரும்பாலும் மாருதி 800. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி. நின்றுபோன சேதியை மட்டும் அவரிடம் யாரும் சொல்வதில்லை.

எங்கள் தெருக்காரர் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரை, மதகு, கலங்கல் என்று உத்தியோகம் முழுக்கத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர். அவர் காலடியிலேயே ஓர் ஏரி தேங்கினால் பொறுப்பாரா?

ஐப்பசி அடைமழைதான் சீசன். காலையில் கதவைத் திறந்து மூக்கை உள்ளே விடுவார். ஈரச் சாக்கு நாற்றம். சீட்டுகளைக் கழற்றி வாசலில் வைப்பார். பால்காரர் அதில் உட்கார்ந்து மாசக் கணக்கு முடிப்பார். கார்பெட்டைப் பிடுங்கிக் காம்பவுண்டுச் சுவரில் போடுவார். மேலே தொட்டால் லேசான ஈரம்தான் தெரியும். அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சுதான் கள்ளன், பிழிந்தால் அரை வாளி தேறும்.

அப்புறம் விசாரணை. மனைவியை உள்ளே உட்காரவைத்து, கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டு, வெளியே ஹோஸைப் பிடிப்பார். கீழிருந்து மெல்ல மெல்ல மேலே. மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது வழி என்றே தெரியாமல் போய்விடும் என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது சரி.

"வருதா?"

"வரலைங்க."

"இப்ப?"

"இப்பவும் வரலை. அடுப்புல ரசம் இருக்குங்க."

"ரசம் எங்கேயும் போயிடாது."

பொங்கிப் போனது.

பத்து ரூபாய் நோட்டைக் கதவு ரப்பரில் வைத்துச் சாத்தி இழுப்பார். பிடிப்பே இல்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் செத்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடிகளை ஏற்றி, புளோயரை முழு வேகத்தில் வைத்து, வெளியே சோப்புத் தண்ணீர் தடவுவார். காற்று கசியும் இடத்தில் குமிழி வரும். தெருப் பிள்ளைகளும் வருவார்கள். துடைத்துக் காயவைத்த தகரத்தில் மனைவியின் முகப் பவுடரைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பார், தண்ணீர் வந்த தடம் கோடு போட்டுக் காட்டும் என்று. மழையே பெய்யாத நாளில் இடப்பக்கக் காலடி நனைந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயில் அடைப்பு. ஈரம் பிசுபிசுவென்று இருந்து இனிப்பு வாடை அடித்தால் அது மழைத் தண்ணீரே அல்ல, கூலன்ட். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அத்துப்படியாக இருந்து என்ன? தண்ணீர் நுழைகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறொன்று. முன்கண்ணாடி பீடிங்கில் புகுந்து, தூணுக்குள்ளேயே இறங்கி, காலடியில்தான் தலைகாட்டும். பொறுமை போனதும் எம்-சீலை எடுத்தார். துளை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்தார், கதவுகளின் அடியில் இருந்த துளைகள் உட்பட. அவை வேண்டுமென்றே விட்ட துளைகள். கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கில் எப்படியும் மழை புகும். புகுந்தது வடிய வேண்டாமா? அடுத்த மழைக்குப் பிறகு கதவைத் திறந்தால் உள்ளே சளக், சாத்தினால் சளக். கலங்கலை அடைத்தால் கரை உடையும் என்று ஊர் ஊராகப் பாடம் நடத்திய மனிதர்!

கடைசியில் டிங்கரிங் பட்டறை. அங்கிருந்தவர் ஃபிளோரில் ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்துக் குத்தினார். துருவைப் பொடித்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது.

"சார், ரோடே தெரியுது."

"தெரியட்டும்பா. வந்த தண்ணி வடிஞ்சுடும்ல?"

போன கார்த்திகையில் கேஸ் முடிந்தது. முடித்தது கார் துடைக்கிற பையன். பானட்டைத் திறந்து, வைப்பர் இருக்கும் கிரில்லுக்கு அடியில் ஈர்க்குச்சியை விட்டுக் குடைந்தான். ஒரு கை நிறைய வேப்பஞ்சருகு வந்தது. தேங்கியிருந்த தண்ணீர் கடகடவென்று கீழே இறங்கியது. வடிய வழி இல்லாமல்தான் அது புளோயர் வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. வண்டியை நிழலுக்காக வேப்பமரத்தடியில் நிறுத்துவது யார் என்று யாரும் கேட்கவில்லை.

பையனுக்கு நூறு ரூபாய் கொடுத்தார். ஆனால் முகத்தில் சுரத்தே இல்லை. "இது ஒரு காரணம்தான். இன்னொண்ணு கண்டிப்பா இருக்கணும்" என்றார். அடுத்த நல்ல மழையிலும் கார்பெட் காய்ந்தே கிடந்தது. பாவம், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்பாசடரின் டிக்கியை முகர்ந்துகொண்டு நின்றார்.

உங்களிடமும் பழைய கார் இருந்தால், மழைக்கு முன்னால் பானட்டைத் திறந்து சருகை அள்ளிவிடுங்கள். கதவின் அடித் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அவர் டார்ச்சோடு வந்து விசாரித்தால், வண்டியை விற்றாயிற்று என்று சொல்லிவிடுங்கள்.