நெய்ப்பந்தப் பேரன்

"கண்ணு, ஆயாவுக்கு ரொம்ப முடியல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடு."

தர்மபுரியிலிருந்து சித்தப்பா இதைச் சொல்லும்போது காலை பத்தரை மணி. கேட்கிறவனுக்கு நியூஜெர்சியில் நள்ளிரவு. 'ஒரு எட்டு' என்பது பக்கத்துத் தெருவில் இருப்பவனிடம் சொல்கிற சொல். இவனுக்கு அந்த ஒரு எட்டு இரண்டு விமானம், ஒரு பகல், ஓர் இரவு, கடைசி நேர டிக்கெட்டுக்கு லட்ச ரூபாய்க்கு மேல்.

எங்கள் பக்கத்தில் தாத்தாவோ ஆயாவோ போனால் பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தத்தோடு பாடையைச் சுற்றி வரவேண்டும். கல்யாணச் சாவு என்றால் பேரன் இல்லாமல் நடக்காது. அந்தப் பேரன் அமெரிக்காவில் இருந்தால், சாவே அவன் தேதிக்குக் காத்திருக்க வேண்டியதாகிவிடும். அதனால் இவனுக்கு நெய்ப்பந்தப் பேரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊருக்கு நாலைந்து பேராவது தேறுவார்கள்.

போனை வைத்ததும் இவன் அழுவான், அது நிஜமான அழுகைதான். அடுத்த நிமிஷமே லேப்டாப்பைத் திறந்து விடுப்பு விதியைப் படிப்பான். அங்கே பல கம்பெனிகளில் பாட்டி செத்தால் மூன்று நாள் துக்க விடுப்பு கிடைக்கும். சாகக் கிடக்கிறாள் என்பதற்குக் கிடைக்காது. மேனேஜர் மரியாதையாக, "ஏதாவது உறுதியான தேதி இருக்கிறதா?" என்று கேட்பார். இவன் அதை அப்படியே சித்தப்பாவிடம் கேட்பான். சித்தப்பாவும் சளைக்காமல், "வர்ற அமாவாசை தாண்டாது" என்று எழுதாத குறையாக உத்தரவாதம் தருவார். அடுத்தது விசா. பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரை காலாவதியாகியிருந்தால் சென்னைத் துணைத் தூதரகத்தில் புது முத்திரை குத்தாமல் திரும்ப முடியாது. அதற்கு நாள் கிடைக்க வேண்டும். ஆயாவின் மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, அவனுக்கு ஸ்லாட் கிடைத்தபாடில்லை.

எப்படியோ பெங்களூரு வந்து இறங்கிவிடுகிறான். 2008இல் விமான நிலையத்தைத் தேவனஹள்ளிக்குக் கொண்டுபோனவர்கள் தர்மபுரிக்காரனை ஒரு கணமும் நினைத்துப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. அது ஊருக்கு வடக்கே இருக்கிறது, நமக்கோ தெற்கே வரவேண்டும். பாதி உலகத்தைத் தாண்டி வந்தவன் சில்க் போர்டு சிக்னலைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்திருப்பான். அங்கிருந்தே சித்தப்பாவுக்குப் போன்: "மூச்சு இருக்கா?" ஓசூரில் ஒருதரம், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் ஒருதரம், காரிமங்கலத்தில் ஒருதரம்.

நான் சொல்லவந்த பேரன் பென்னாகரம் ரோட்டோரத்து ஊர்க்காரன். கார் வந்து நின்றதும் கூட்டம் விலகி வழிவிட்டது. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில், அதில் ஒரு பிடி எலும்பாக ஆயா. இவன் மண்டிபோட்டு உட்கார்ந்து, "ஆயா, நான் வந்துட்டேன்" என்று சிரித்தான். ஆயா கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இது யாரு? எங்க ஊட்டுப் பல்லு இல்லையே இது."

விஷயம் என்னவென்றால், எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விழுந்துவிடும். வெளியூரில் சிரித்தாலே, "தர்மபுரியா?" என்று கேட்பார்கள். ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் காவிரித் தண்ணீர் குழாய்க்கு வந்தது. அதற்கு முன்பே பல் முளைத்தவன் இவன். அமெரிக்காவில் சம்பாதித்த முதல் காசில் பல்லை வெள்ளையாக்கிக்கொண்டு விட்டான். கடைசியில் காதுக்குப் பின்னால் இருக்கிற மச்சத்தைக் காட்டித்தான் உள்ளே சேர வேண்டியிருந்தது.

அப்புறம் சடங்கு தொடங்கியது. ஆசை தீராமல் உசுரு போகாது என்பது பெரியவர்கள் கணக்கு. முதலில் மண்ணாசை: காட்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து தண்ணீரில் கரைத்தார்கள். பேரன் அலறினான்: "பாக்டீரியா!" அத்தை அவனைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு ஒரு சொட்டு விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது காசாசை. ஒரு காசை உரசிக் கொடுக்க வேண்டும். சட்டைப்பையைத் துழாவியதில் இவனிடம் அகப்பட்டது கால் டாலர் காசு ஒன்றுதான். அதையும் உரசிக் கொடுத்தார்கள். ஆயா அதையும் முழுங்கிவிட்டு அப்படியே கிடந்தாள். கடைசியாகப் பேரன் கையால் பால். கையில் சானிடைசர் தடவிக்கொண்டு ஒரு கரண்டி ஊற்றினான். ஆயா நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள்.

"பாக்கெட் பாலா?"

சங்கு ஊதுகிறவர் எழுந்து டீ குடிக்கப் போனார்.

பார்க்க வந்த சனம் மட்டும் கலையவில்லை. ஆயாவை ஒரு நிமிஷம் பார்ப்பார்கள், பேரனை ஒரு மணி நேரம். "எம் பையனும் பிஇ முடிச்சிட்டு சும்மாத்தான் இருக்கறான்" என்று ஒருவர் பயோடேட்டாவைக் கட்டிலின்மேலேயே வைத்தார். "ரிட்டன் டிக்கெட் எப்பப்பா? பதினாறு முடியற வரைக்கும் இருப்பியா?" என்று இன்னொருவர், ஆயாவின் காது நன்றாகக் கேட்கும் என்பதை மறந்து.

பேரனும் சும்மா இருக்கவில்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை வாங்கி வந்து, ஒரு மணிக்கொரு தரம் அளந்து கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு எழுதினான். ஆயாவின் வெற்றிலை இடிக்கும் உரலைக் கொதிநீரில் போட்டுக் கழுவினான். பகலெல்லாம் தூங்கினான். கையிலிருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துபோனதால், இரவானால் திண்ணையில் உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஆபீஸ் வேலை. யாருமே இல்லாத திசையைப் பார்த்துக் கை ஆட்டிப் பேசுவான், சிரிப்பான், திடீரென்று கெஞ்சுவான்.

ஆயா இரண்டு ராத்திரி இதைக் கவனித்தாள். மூன்றாம் நாள் காலை, யாரும் தூக்காமல் தானே எழுந்து உட்கார்ந்து சித்தப்பாவைக் கூப்பிட்டாள்.

"புள்ளைக்கு என்னமோ புடிச்சிருக்குடா. ராத்திரி பூரா ஒத்தையில பேசறான். அதியமான்கோட்டை பைரவருக்குக் கூட்டிட்டுப் போயிப் பூசணிக்கா வெளக்கு போட்டாத்தான் சரியாவும்."

தேய்பிறை அஷ்டமிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அதுவரைக்கும் சாக அவளுக்கு நேரமில்லை. களி கேட்டாள், கீரைக் கடைசல் கேட்டாள். அஷ்டமியன்று தானும் வருவேன் என்று அடம்பிடித்து காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். சாகக் கிடந்தவளைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து வந்தவன் காலபைரவர் சந்நிதியில் சாம்பல் பூசணி விளக்கோடு நின்றான், அவள் பக்கத்தில் நின்று விபூதி பூசிவிட்டாள். கோட்டைப் பெயரில் இருக்கிற அந்த அதியமான்தான் சாவை விரட்டும் நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன். கனி ஒன்றுதான் என்று புலவர்கள் சொல்கிறார்கள். கொட்டை எங்கே விழுந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம்தான் விழுந்திருக்க வேண்டும்.

எல்லாப் பேரன்களுக்கும் இந்த யோகம் இல்லை. எங்கள் தெருவிலேயே குவைத்தில் டிரைவராக இருக்கிற ஒரு பையன் உண்டு. அவன் ஆயா போனபோது முதலாளி விடவில்லை. மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் பந்தல் காலில் செல்போனைக் கட்டிவிட்டு எடுத்தார்கள். அவன் போனுக்குள்ளிருந்து ஒருதரம் "ஆயா" என்றான், அப்புறம் நெட் போய்விட்டது. அவனைப் பற்றி எழுதிச் சிரிக்க எனக்குக் கை வராது. இந்தச் சித்திரத்தில் அவன் இல்லை.

நம்ம பேரன் பன்னிரண்டாம் நாள் கிளம்பினான். கார் ஏறும்போது ஆயா ஒரு மூட்டை புளி, ராகி மாவு, மாங்காய் வடு எல்லாம் கட்டிக் கொடுத்தாள். வடு பெங்களூரு விமான நிலையத்தோடு நின்றுவிட்டது. அவன் கொண்டுவந்த பாதாமும் பிஸ்தாவும் பல் இல்லாத ஆயாவின் தலைமாட்டில் பிரிக்காமல் இருந்தன. பந்தத்துக்கென்று சித்தப்பா வாங்கிவைத்த இரண்டு லிட்டர் நெய்யைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இது வீணா?" என்று கேட்டு, தினம் ஒரு கரண்டி பருப்புச் சோற்றில் ஊற்றச் சொல்லி ஆயாவே தீர்த்துவிட்டாள்.

போன வாரம் சித்தப்பா மறுபடியும் நியூஜெர்சிக்குப் போன் போட்டார்: ஆயாவுக்கு ரொம்ப முடியலையாம். இப்போது டிக்கெட் விலை தாங்காது, தை மாசம் பொங்கல் கழிந்தால் குறையும் என்றான் பேரன். சித்தப்பா போய் ஆயாவிடம் சொன்னார்.

"சரி, தைக்கே வரட்டும்" என்றாள்.