போன வெள்ளத்துக்கு வாங்கிய படகு

எங்கள் குடியிருப்பில் ஒரு படகு இருக்கிறது. கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர். பக்கத்தில் ஏரி ஏதும் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருந்தது. அதன் மேல்தான் குடியிருக்கிறோம்.

மடிப்பாக்கம் பக்கம் வீடு வாங்கியவர்களுக்கு இது புதிதில்லை. 2015 டிசம்பர் வெள்ளம் என்றால் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத்தான் சொல்வார்கள். அது அடையாற்றங்கரைக்காரர்களின் துக்கம். எங்களுக்கு வந்தது சுற்றுவட்டார ஏரிகள் வழிந்த தண்ணீர். கீழ்த்தளத்து ஃபிரிட்ஜ்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை; எல்லாம் ஒரே மாதிரிதான் மிதந்தன. விமான நிலையத்தை மூடினார்கள். செல்போன் ஊமையானது. ஏடிஎம் இயங்கவில்லை. பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றது. இதற்கெல்லாம் அசராத என் வீட்டுக்காரர், 1878இல் தொடங்கிய ‘தி இந்து’ டிசம்பர் 2ஆம் தேதி சென்னையில் அச்சாகவே இல்லை என்று கேள்விப்பட்டபோதுதான், “நிலைமை கொஞ்சம் சீரியஸ்தான் போலிருக்கு” என்று ஒப்புக்கொண்டார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். நட்டு, போல்ட்டு எத்தனை கையிருப்பு, எது குறைந்தால் எப்போது ஆர்டர் போட வேண்டும் என்பதிலேயே முப்பது வருஷ வாழ்க்கை. வெள்ளம் வடிந்ததும் வீட்டையும் ஸ்டோர்ஸாகவே பார்க்க ஆரம்பித்தார். ஃபிரிட்ஜ் கதவில் பட்டியல் ஏறியது. டார்ச், மெழுகுவத்தி, தீப்பெட்டி, குளோரின் மாத்திரை, பேட்டரி போட்ட ரேடியோ, ஈரம் புகாத கவரில் பத்திரங்கள், வீட்டில் ரொக்கம் முப்பதாயிரம். பேரிடர் மேலாண்மைத் துறை அதிகாரி வந்து பார்த்தால் கைகுலுக்கிவிட்டுப் போவார். பட்டியலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்றுதான்: அது எப்போதும் போன ஆபத்துக்கான பட்டியல்.

படகு அசோசியேஷன் வாங்கியது. பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் கூட்டம். காற்றடிக்கும் ரப்பர் படகு, ஆறு பேர் உட்காரலாம் என்று செயலாளர் படம் காட்டினார். மூன்றாவது மாடிக்காரர், “எங்க வீட்டுக்குத் தண்ணி வர்றதுக்குள்ள ஊரே போயிடும், நாங்க எதுக்குப் பங்கு தரணும்?” என்றார். கீழ்த்தளத்துப் பெரியவர், “அப்ப நீங்க மேலயே இருங்க, பாலுக்கும் இறங்காதீங்க” என்றார். பங்கு சதுர அடிக்கா, தலைக்கா? வாடகைக்கு இருப்பவர்கள் ஏறலாமா, வீட்டு ஓனரிடம் எழுதி வாங்கி வர வேண்டுமா? நாய் ஏறலாமா? படகைக் கார் நிறுத்துகிற இடத்தில் வைத்தால் காரை எங்கே வைப்பது? யார் ஓட்டுவது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடைசியில் வாங்கினார்கள். பெட்டியைப் பிரித்தபோது காற்றடிக்கும் பம்பும் கூடவே இருந்தது. மின்சார பம்பு. மழை நாலு தூறல் போட்டால் எங்கள் தெருவில் முதலில் போவது எது என்று சென்னைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2016இல் மழையே சரியாகப் பெய்யவில்லை. நவம்பர் 8ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தார். ஐந்நூறும் ஆயிரமும் நள்ளிரவு முதல் செல்லாது. வீட்டுக்காரர் மெல்ல எழுந்து போய், ஈரம் புகாத கவரில் இருந்த ரொக்கத்தை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். ஏடிஎம் இயங்காத நாளுக்கென்று எடுத்து வைத்த முப்பதாயிரம். எல்லாம் ஐந்நூறும் ஆயிரமும். தண்ணீர் ஒரு சொட்டு படவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. என் கவலை வேறு. அவர் பட்டியலில் இல்லாத கையிருப்பு ஒன்று உளுந்து டப்பாவுக்கு அடியில் இருந்தது. காய்கறிக் காசில் மிச்சம் பிடித்தது, பழைய பேப்பர் போட்டது, தீபாவளிக்குப் பிறந்த வீட்டில் தந்தது, அவர் சட்டைப் பையிலிருந்து துவைக்கும் முன் ‘மீட்டது’. இந்தச் சிறுவாட்டுப் பணத்தின் பலமே அப்படி ஒன்று இருப்பது தெரியாமலிருப்பதுதான். தெரிந்துவிட்டால் அது சேமிப்பு ஆகாது, வரவு ஆகிவிடும்; வரவென்றால் உடனே ஒரு செலவு தேடி வரும். பல வருஷமாக ரகசியமாக வளர்ந்த தொகையை வங்கியில் மாற்ற வேண்டுமென்றால் வெளியே எடுத்தாக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, சாமி அலமாரிப் பக்கமிருந்து அத்தை வந்தார். கையில் விபூதிச் சம்படம். “தம்பி, இதையும் சேத்து மாத்திட்டு வந்துடுப்பா” என்று ஒரு சுருளை நீட்டினார். உள்ளே ஆயிரம் ரூபாய் நோட்டுகள், ரப்பர் பேண்டு போட்டு, விபூதி மணத்தோடு. என் மாமனார் போய்ப் பல வருஷம் ஆகிறது. அவருக்குக்கூடத் தெரியாத பணமாம்.

அத்தை முந்திக்கொண்டதில் எனக்குப் பாதி பாரம் குறைந்தது. உளுந்து டப்பாவைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். முப்பது வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்த மனிதர். தன் வீட்டுக் கையிருப்பில் இத்தனை வித்தியாசத்தை அவர் எந்த ஆடிட்டிலும் கண்டதில்லை. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை வங்கியில் போட்டால் வருமான வரித்துறை கேள்வி கேட்காது என்று அரசு பிறகு அறிவித்தது. வீட்டுக்காரர் கேட்பதைப் பற்றி அந்த அறிவிப்பில் ஒன்றும் சொல்லவில்லை.

வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மாற்றி முடித்தோம். இனி ரொக்கமே கூடாது என்று அவர் முடிவெடுத்தார். கார்டு, போன், எல்லாம் அதிலேயே. டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தது. இந்த முறை தண்ணீர் இல்லை, காற்று. மரங்கள் தெருவுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டன. கம்பங்கள் சாய்ந்தன, கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை. கார்டு தேய்க்கிற மெஷின் செத்துப்போன மளிகைக் கடையில், “காசா இருந்தா குடுங்க சார்” என்றார் அண்ணாச்சி. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு ரோஸ் கலர் இரண்டாயிரம். சில்லறை அவரிடமும் இல்லை. அத்தைதான் சுருக்குப்பையிலிருந்து பத்தும் இருபதுமாக எண்ணிக் கொடுத்தார். அது எந்தச் சம்படத்திலிருந்து வந்தது என்று இந்த முறை யாரும் கேட்கவில்லை.

உளுந்து டப்பாவில் இப்போது உளுந்து மட்டும்தான் இருக்கிறது. மற்றது எங்கே போனது என்று இங்கே எழுதப்போவதில்லை. அவர் பத்திரிகை வாசிக்கிறவர்.

படகுக்கு வேலை வந்தது 2019 கோடையில். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் காய்ந்து கிடந்தன. ஐடி கம்பெனிகள் ஆட்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஓட்டல்களில் மதியச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகனில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து வில்லிவாக்கத்தில் இறங்கியது. அதை வரவேற்க அமைச்சர்கள் போனார்கள். எங்களுக்கு லாரிதான். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் சம்ப் நிரம்பிய பிறகும் லாரியில் கொஞ்சம் மிச்சமிருக்கும். காசு கொடுத்த தண்ணீரைத் தெருவில் விட மனசு வருமா? மூன்றாவது மாடிக்காரர்தான் படகை இறக்கிக் காற்றடித்தார். அன்று கரண்ட் இருந்தது. குடம் குடமாக அதில் ஊற்றினோம். அப்படியாக, தண்ணீருக்கு மேலே மிதக்க வாங்கிய படகு தண்ணீரைத் தனக்குள்ளே வைத்துக்கொண்டு கார் ஷெட்டில் உட்கார்ந்திருந்தது. கீழ்த்தளத்துக் குழந்தைகள் அதில் காகிதக் கப்பல் விட்டார்கள். வாடகைக்காரர்கள் எத்தனை குடம் எடுக்கலாம் என்று உடனே ஒரு கூட்டம் போட்டோம்.

அதற்கப்புறம் வீட்டுக்காரர் நீல டிரம்களாக வாங்கி அடுக்கினார். 2020இல் வந்தது என்ன என்று உங்களுக்கே தெரியும். குழாயில் தண்ணீர் தாராளம். வெளியே போகத்தான் முடியாது. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு, காய்கறிக் கடையும் கிடையாது என்றதும் முந்தின நாள் சென்னை முழுக்கக் கடைவாசலில் நின்றது. அவரும் பட்டியலோடு போய், ஒரு முட்டைக்கோஸும் சோப்புமாகத் திரும்பினார். அந்த நாள்களில் எங்களைக் காப்பாற்றியது அத்தையின் பரண். மணத்தக்காளி வத்தல், சுண்டைக்காய் வத்தல், மோர் மிளகாய், ஜவ்வரிசி வடாம், கொட்டை எடுத்து உப்புப் போட்டு ஜாடியில் அடைத்த ஒரு வருஷத்துப் புளி. தஞ்சாவூர்ப் பக்கம் குதிரில் நெல் கொட்டி வைத்த வீட்டில் வளர்ந்தவர். “ஆபத்துக்கு எப்படி அத்தை முன்கூட்டியே யோசிச்சீங்க?” என்று கேட்டேன். “ஆபத்தா? சித்திரை வெயில் சும்மா போகுதேன்னு போட்டேன்” என்றார்.

பாதிச் சம்பளம் வந்த மாதங்களில் என் வளையல்கள் வங்கிக்குப் போயின. நகை வாங்குவது வட்டி தராத வீண்செலவு என்று ஒவ்வோர் அட்சய திருதியைக்கும் அவர் ஒரு சொற்பொழிவு ஆற்றுவது வழக்கம். 2015 இறுதியில் சவரன் ஏறக்குறைய இருபதாயிரம். 2020 ஆகஸ்டில் நாற்பத்து மூவாயிரத்தைத் தாண்டியது. அப்போதெல்லாம் நகை மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கடன் தருவார்கள், அந்த வருஷம் 90 வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. எங்கள் பெண்ணின் கல்லூரிக் கட்டணம் கட்டிய ரசீதை அவர் கோப்பில் வைத்தபோது சொற்பொழிவு ஏதும் வரவில்லை. அந்த மௌனத்தைக் கடனாக எழுதி வைத்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. கடைசியில் நிஜமாகவே வெள்ளம். எல்லோரும் பம்பரமாக இறங்கிப் படகைப் பிரித்தோம். எலி அடிப்பக்கத்தில் குடித்தனம் நடத்தியிருந்தது. வாடகை ஒப்பந்தம் இல்லாமலே. வீட்டில் டிரம், மாஸ்க், சானிடைசர், விரலில் மாட்டுகிற ஆக்ஸிமீட்டர் எல்லாம் தயார். டார்ச்சைத் திறந்தால் பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. காரப்பாக்கத்தில் சிக்கிய ஆமிர் கானையே அப்போது படகில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். எங்கள் அசோசியேஷன் போயிருந்தால் அவரிடமும் சொந்த வீடா, வாடகையா என்று கேட்டிருப்போம்.

போதும் என்று 2024 அக்டோபரில் ஊரே முன்கூட்டித் தயாரானது. 16ஆம் தேதிக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக ஏற்றி நிறுத்தினார்கள்; எங்கள் காரும் அங்கேதான். கடைகளில் ரொட்டியும் பாலும் துடைத்து எடுத்தாற்போல் காலி. துடைத்தவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே கரை கடந்தது. பெரிய மழை வரவில்லை. மறுநாள் வெயில் அடித்தது. ரொட்டி மட்டும் இருந்தது. ரொட்டி உப்புமா, ரொட்டி பஜ்ஜி, ரொட்டி அல்வா என்று போய், “நான் வேணா பழைய சோறே சாப்பிட்டுக்கறேனே” என்று அத்தை கையெடுத்துக் கும்பிடும் வரை அது தீரவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கான பட்டியல் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. முதல் வரியில் டோஸ்டர்.

“கரண்ட் போனா அது எப்படிங்க வேலை செய்யும்?”

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு வந்து, இரண்டாவது வரியில் இருந்த மெழுகுவத்தியை அடித்துவிட்டுப் பெரிய இன்வெர்ட்டர் என்று எழுதினார்.