ஷெர்மன் ஓக்ஸில் ஒரு தேவி, செங்கம் சாலையில் ஒரு அத்தை

1990-லிருந்து முப்பது வருஷம் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இந்தியர் என்றால் முதலில் ஞாபகம் வந்தவர் ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனில் கடை வைத்திருந்த அப்பு. அவருக்குக் குரல் கொடுத்தவர்கூட வெள்ளைக்காரர்தான். நடுக்கூடத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தை உட்கார வைத்து, அது சாப்பிடுவதையும் சண்டை போடுவதையும் காட்ட 2020 ஏப்ரல் வரை பொறுக்க வேண்டியிருந்தது. ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது திருவண்ணாமலையில் கோயில் சாத்தியிருந்தது, கிரிவலம் கிடையாது, ஆட்டோ கிடையாது. பௌர்ணமி அன்றைக்கும் பாதை வெறிச்சென்று கிடந்தது. செங்கம் சாலையில் இருக்கும் என் அத்தைக்கு வேடிக்கை பார்க்க ஆளில்லாமல் போனதால் அமெரிக்காவை வேடிக்கை பார்க்க ஒப்புக்கொண்டார்.

அத்தைக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பாளர் நான். சில காட்சிகளில் மொழிபெயர்ப்பாளருக்கு இருமல் வந்துவிடும்.

கதை கலிஃபோர்னியாவில் ஷெர்மன் ஓக்ஸ் என்ற இடத்தில் நடக்கிறது. தேவி விஸ்வகுமார், பள்ளி மாணவி. அப்பா பள்ளிக் கச்சேரியில் மயங்கி விழுந்து இறந்துபோனவர். அம்மா நளினி தோல் டாக்டர். ஊரிலிருந்து படிக்க வந்த கமலா என்ற அக்கா வேறு. முதல் காட்சியிலேயே தேவி சாமி படங்களுக்கு முன்னால் நின்று மனுப் போடுகிறாள்: பார்ட்டிக்கு அழைப்பு வேண்டும், ஒரு பையன் வேண்டும், கையில் முடி குறைய வேண்டும்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். “கேக்குறதெல்லாம் சரி. பதிலுக்கு இன்னா செய்வேன்னு ஒரு வார்த்த சொல்லலியே? மொட்ட போடறேன்னாச்சும் சொல்லலாமில்ல, முடி பிரச்சன மொத்தமா முடிஞ்சிருக்கும்.” ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “அம்மாக்காரி தோல் டாக்டருன்றே. வீட்லயே டாக்டர வச்சிக்கினு கை முடிக்கு சாமிகிட்ட போவுதே இந்தப் பொண்ணு!” என்றார். இந்தத் தொடரைப் பற்றிப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இந்த ஓட்டையை ஒருவரும் பிடித்ததாக நான் பார்க்கவில்லை.

கதை சொல்லும் குரல் ஜான் மெக்கன்ரோவுடையது. நடுவர்களோடு சண்டை போட்டே பாதிப் பேர் வாங்கிய டென்னிஸ் வீரர். தமிழ்ப் பெண்ணின் மனசில் ஓடுவதை அவர் சொல்கிறார். “யாருடா அது, பொண்ணு மனசுல பூந்துக்கினு பேசற ஆம்பள?” என்று அத்தை கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் மிஸிஸாகா நகரத்துப் பெண், பெற்றோர் ஈழத்தமிழர், 15,000 பேர் விண்ணப்பித்ததில் தேர்ந்தவர் என்றேன். அது மட்டும் அத்தைக்குத் திருப்தி. தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான மிண்டி கேலிங்கின் அப்பா தமிழர், அம்மா வங்காளி என்றதும், “அதான் சமையக்கட்டு அவ்ளோ சுத்தமா கீது” என்றார். எந்தப் பக்கத்தைப் பாராட்டினார் என்று இன்றுவரை தெரியவில்லை.

குடியேறிகளை வைத்து எடுக்கும் இந்த மாதிரித் தொடர்களில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. வந்தவர் கூத்தடிப்பார், உள்ளூர்க்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புருவத்தைத் தூக்குவார். 2001-ல் பிபிசி ‘த குமார்ஸ் அட் நம்பர் 42’ என்று ஒன்று ஆரம்பித்தது. லண்டன் வெம்ப்ளியில் ஒரு இந்தியக் குடும்பம். மகன் டிவி நட்சத்திரமாக வேண்டும் என்று கொல்லைப்புறத்திலேயே ஸ்டுடியோ கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அவன் பிரபலங்களைப் பேட்டி எடுப்பான், அப்பாவும் அம்மாவும் பாட்டியும் கூடவே உட்கார்ந்து குறுக்கே புகுவார்கள். வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்ட இடம் இருந்தால் பிள்ளைக்குக் கட்டிக் கொடுப்பதும், வந்தவரைக் குறுக்குக் கேள்வி கேட்பதும் எங்கள் தெருவில் அன்றாட நடப்பு. இதைப் போய் கற்பனை என்கிறார்கள்.

எங்கள் தெருவில் அந்தச் சட்டம் தலைகீழ். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியேறி என்றால் ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர், இஸ்ரேல்காரர். மார்கழிக் குளிருக்கு வந்து, பங்குனி வெயில் கொளுத்தத் தொடங்கியதும் கிளம்புவார்கள். கிளம்பாமல் தங்கிவிடுவோரும் உண்டு. அவர்கள் வெள்ளை வேட்டி கட்டுகிறார்கள், விடியலுக்கு முன் எழுகிறார்கள், செருப்பில்லாமல் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். நாமோ ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு எட்டு மணிக்கு எழுந்து, பக்கத்துத் தெருவுக்கு வண்டியில் போகிறோம். இங்கே ஒரு தொடர் எடுத்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று புருவத்தைத் தூக்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அத்தை வீட்டு மாடியில் ஒரு ஜெர்மன் தம்பதி குடியிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரரைக் குடிவைத்தால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் ‘சி’ ஃபார்ம் என்று பேர் பெற்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். மற்ற வீட்டுக்காரர்களுக்கு இது தலைவலி. அத்தைக்குப் பதவி. யார், எங்கிருந்து வந்தார், எதற்கு, எப்போது போவார் என்று, வழக்கமாக ஜன்னல் வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகளையெல்லாம் சர்க்காரே நேருக்கு நேர் கேட்கச் சொல்கிறது.

ஒரு சீசனில் அந்த ஜெர்மன்காரர் மௌன விரதம் இருந்தார். கழுத்தில் அட்டை தொங்கியது. குறுக்கே பேசாத ஒரு மனிதரை அத்தை வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தார். தினமும் துணி காயப்போடப் போகிற சாக்கில் மொட்டைமாடியில் அவரைப் பிடித்து, கொழுந்தனார் கிணற்றுப் பக்கத்து நிலத்தை எழுதிக்கொண்ட கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் கண்மூடிக் கேட்டார். விரதம் முடிந்த காலையில் படியிறங்கி வந்தவர் தமிழில் வாய் திறந்தார்: “அம்மா, அந்தக் கெணத்து நெலம் இன்னா ஆச்சு?” பேச்சுத் தமிழ் வகுப்புக்குப் போனவராம். அத்தை அன்று முழுக்க மௌனம்.

இந்த வகைக் கதைக்கு நம்மிடம் முன்னோடி இல்லாமல் இல்லை. சாவி 1963-லேயே விகடனில் ‘வாஷிங்டனில் திருமணம்’ எழுதி, அமெரிக்கர்களைத் தமிழ்க் கல்யாணத்தைப் பார்த்து வாய்பிளக்க வைத்தார். அப்பளம் இடப் பாட்டிகளை விமானத்தில் ஏற்றி அனுப்பிய புண்ணியவான். ஆனால் வெள்ளைக்காரக் குடும்பம் இங்கே வந்து குடித்தனம் நடத்துகிற கதை அதற்கும் இருபது வருஷம் முன்பே எங்கள் ஊரில் நடந்துவிட்டது, கேமராதான் இல்லை.

ஆர்தர் ஆஸ்பர்ன் இங்கிலாந்துக்காரர், பாங்காக்கில் பல்கலைக்கழக ஆசிரியர். மனைவி லூசியா போலந்துக்காரர். 1941-ல் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு அவர் மட்டும் வேலைக்குத் திரும்பினார். ஜப்பான்காரன் வந்து பிடித்து முகாமில் அடைத்தான். போர் முடியும்வரை ஆள் வரவில்லை. சிட்காம் என்றால் நடுவில் ஒரு சோபாவும், அடிக்கடி வந்து போகும் பக்கத்து வீட்டுக்காரரும் வேண்டும். இங்கே சோபா இருந்தது. அதில் இருந்தவர் ரமண மகரிஷி. பக்கத்து வீட்டுக்காரர் எங்கும் போகவில்லை, இவர்கள்தான் அவரிடம் போனார்கள். அப்பா பத்திரமாக வர வேண்டும் என்று பிள்ளைகள் அவரிடம் கேட்டார்கள். கை முடி மாதிரிக் கோரிக்கை இல்லை. 1945-ல் அப்பா வந்து சேர்ந்தார். பிறகு அவர் 1964-ல் ‘மவுண்டன் பாத்’ பத்திரிகையைத் தொடங்கினார்.

அந்த வீட்டுப் பையன் ஆடம், இங்கே வளர்ந்து, கொடைக்கானல் கான்வென்ட்டில் படித்து, பதினோரு வயதில் இங்கிலாந்து போய், பிறகு அமெரிக்காவில் தொழிலதிபர் ஆனார். 1981-ல் அவர் விற்ற ஆஸ்பர்ன் 1 கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று விளம்பரம். எடை 11 கிலோ! திரையோ ஐந்து அங்குலம். உலகம் வியந்தது, நான் வியக்கவில்லை. மூட்டை முடிச்சையும் இடுப்பில் குழந்தையையும் சுமந்துகொண்டு ஜனங்கள் மலை சுற்றுகிற ஊரில் வளர்ந்தவருக்கு 11 கிலோ ஒரு கனமா? விலை 1,795 டாலர். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு இதைவிட நல்லது வருகிறது என்று அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். நாளைக்குப் பிஞ்சுக் கத்திரிக்காய் வரும் என்று இன்றைக்கே சொன்ன காய்கறிக்காரர் கதையாயிற்று. 1983-ல் கம்பெனி திவால். அறிவிப்பு மட்டுமே காரணம் இல்லை என்று வாதிடுவோர் உண்டு, ஆனாலும் வணிகப் பாடப் புத்தகங்களில் அந்தத் தவறுக்கு அவர் பெயர்தான். கடைசிக் காலத்தில் கொடைக்கானல் திரும்பி, 2003-ல் அங்கேயே காலமானார்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு தொடர் எழுதலாம் என்று அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “மாமியார் எங்கடா? மாமியார் இல்லாம யாரு பாப்பா?” அமெரிக்கத் தேவி வீட்டிலேயே இரண்டாவது சீசனில் மாமியார் நிர்மலாவைக் கொண்டுவந்து குடிவைத்துவிட்டார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் அத்தை சொல்வதில் தொழில் நியாயம் இருக்கிறது.

இந்த வருஷம் தீபத்துக்கு மாடிவீட்டு ஜெர்மன்காரரின் அம்மா வருகிறார். செய்தி கேட்டதிலிருந்து அத்தைக்குத் தூக்கம் இல்லை. “மருமவளுக்கும் அவங்களுக்கும் ஆவுமா?” என்று ஜெர்மன்காரரையே தமிழில் கேட்டிருக்கிறார். அவர் மறுபடி மௌனத்துக்குப் போய்விட்டார். நேற்று ‘சி’ ஃபார்ம் நிரப்ப என்னைக் கூப்பிட்டார்கள். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, என்ன போடுவது என்றேன்.

“எல்லா மாமியாருக்கும் இன்னா நோக்கமோ அதேதான்,” என்றார் அத்தை. “எழுது.”