மூடாக்கியல்: ஒரு சிற்றுரை

மூடாக்காவது, காய்கறிப் பாத்தியில் வெறும் மண் தெரியாதபடி எதையாவது பரப்பி வைத்தல். ஈரம் நிற்கும், களைக்கு வெளிச்சம் கிடைக்காது, மண்புழு மேலே வரும். சித்திரையில் குடத்தால் தண்ணீர் ஊற்றும் வீட்டில் கத்தரி காய்ப்பதும் கருகுவதும் இதைப் பொறுத்ததே. இவ்வளவில் ஆசிரியர் எல்லாரும் உடன்படுவர். வகை பிரிப்பதில்தான் வழக்கு. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் மண், சருகு, உயிர் என மூன்றாகப் பகுத்தார். மட்குவது, மட்காதது என இரண்டே போதும் என்பாரும் உளர். இரு சாராரும் மூடாக்கு பாத்திக்கு வந்து சேர்ந்துவிடும் என்று நம்பிவிட்டார்கள். அது வரும் வழியில் அதை மறிப்பவர் யார் என்று பகுப்பதே நம் கொல்லைக்குப் பொருந்தும்.

மாடு மறிப்பது வைக்கோல். ஜப்பானில் இயற்கை உழவர் ஃபுகுவோகா அறுப்பு முடிந்ததும் வைக்கோலை வயலுக்கே திருப்பிக் கொடுத்தார்; 1975-இல் அது நூலாகவும் வந்தது. இங்கே வைக்கோல் முதலில் பால், பிறகு சாணம், அதன் பிறகே எரு. கறவை நிற்கும் வீட்டில் கத்தரிச்செடி வழக்காடிப் பயனில்லை.

அடுப்பு மறிப்பது தென்னை மட்டை, பன்னாடை. தீ மறிப்பது கரும்புத்தோகை, வேப்பஞ்சருகு. அடுப்பும் தீயும் ஒன்றன்றோ எனின், அன்று. அடுப்பில் சோறு வேகும். தெருச்சருகைக் கூட்டிக் கொளுத்துவதே சுத்தம் என்று எண்ணுபவர் எழுமுன் சாக்கோடு போகிறவருக்கே அது மூடாக்கு.

கோழி தனி வகை. அது மூடாக்கைத் தின்பதில்லை, அதனடியில் இருப்பதைத் தின்கிறது. இரு காலாலும் மாறி மாறிப் பின்னே வாரி, ஓரடி பின்வாங்கி, தலை சாய்த்துப் பார்த்து, மறுபடி வாரும். தண்டு அழுகாமலிருக்கத் தக்காளியைச் சுற்றி நாலு விரற்கடை விடச் சொல்வார்கள். கோழி நாலு முழம் விடும்.

பச்சைத் தேங்காய் நார்க்கழிவும் மரத்தூளும் எதிர்வழக்கு; இங்கே மறிப்பது மூடாக்கே. இவற்றை மண்ணோடு கலந்தால், செரிக்க வரும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, இலை வெளுக்கும். மேலே பரப்பினால் அவ்வளவு கெடுதி இல்லை. மட்கவைத்துப் போடுவது உத்தமம்.

யாரும் மறிக்காதது வெள்ளியும் கறுப்புமான பிளாஸ்டிக் ஷீட். களையை நன்றாகவே அடக்கும், மறுப்பதற்கில்லை. கேட்பாரில்லாததால் பருவம் முடிந்த பின்னும் மண்ணிலேயே கிடக்கும், துண்டு துண்டாக.

எஞ்சியது உயிர் மூடாக்கு. வெண்டைக்கு நடுவே தட்டைப்பயறு விதைத்தால் மேலே காய், கீழே நிழல், வேர்முடிச்சில் தழைச்சத்து. கொளுத்த முடியாது, காற்று கொண்டுபோகாது. மறிப்பாரில்லாத நல்ல மூடாக்கு இதுவே என்று நூலை முடிக்க இருந்த வேளையில், பக்கத்து வீட்டு ஆடு இடைப்பிறவரலாக உள்ளே நுழைந்தது. அதற்கு வேலியியல் என்றொரு தனி நூல் வேண்டும்.