வாளிக்கணக்கு

வாங்க தம்பி. லிஃப்டை விட்டு இறங்கும்போதே ஸ்வெட்டரைக் கழட்டறீங்க. அக்னி நட்சத்திரத்துல பட்டினப்பாக்கத்துல ஸ்வெட்டர் போடறது ரெண்டே பேரு: நீங்களும் உங்க அக்கவுண்ட்ஸ் பொண்ணும். அந்தாண்ட சீனிவாசபுரத்துல வலை பின்னறவரு சட்டையே இல்லாம உக்காந்திருக்காரு.

கரண்ட் பில்லைப் பாத்து முதலாளி குதிச்சாராமே? புது கன்ட்ரோல் சிஸ்டம் விக்க வந்தவன் கலர் கலராப் படம் காட்டிட்டுப் போனானாமே? வாங்குங்க, வேணாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி இந்த வாட்ச்மேன் சிஸ்டத்தையும் ஒரு பார்வை பாத்துடுங்க.

இதோ, பெயிண்ட் பக்கெட்டு. இருபது லிட்டர். முதல் மாடி ஏசித் தண்ணி இதுலதான் சொட்டுது. மூணு வருஷமா நந்தியாவட்டைக்கு இதுதான் காவிரி. சாதாரணமா சாயங்காலம் அஞ்சு மணிக்கு முக்கால் பக்கெட் வரும். போன செவ்வாக்கிழமை மூணு மணிக்கே வழிஞ்சு என் செருப்பை நனைச்சுடுச்சு. மேல போய்ப் பாத்தா, கடல்காத்து வாங்கறதுக்குன்னு பால்கனிக் கதவுக்கு நாற்காலி முட்டுக் குடுத்திருக்கு. ஏசியும் ஜம்முனு ஓடுது. காத்துல இருக்கற ஈரத்தைப் பிழியறதும் ஏசி தலையிலதான் விழுது. ஒரு லிட்டர் பிழியறதுக்கு அது இழுத்து வெளிய தள்ளற சூட்டுல எட்டு லிட்டர் பச்சைத்தண்ணி கொதிச்சுடும்னு பாலிடெக்னிக் படிக்கற என் பேரன் கணக்குப் போட்டுச் சொன்னான். நீங்க வங்காள விரிகுடாவையே வடிகட்டி என் பக்கெட்டுல ஊத்தறீங்க தம்பி.

டன்னு டன்னுன்னு பேசறீங்களே, அது எந்த டன்னு தெரியுமா? ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகினா எவ்வளவு சூட்டைக் குடிக்குமோ, அதுதான் ஒரு டன் ஏசி. பீச் ரோட்டுல விவேகானந்தர் இல்லம் இருக்கே, அந்தக் காலத்து ஐஸ் ஹவுஸ். 1842ல கட்டினது. அமெரிக்காவுல ஏரியில வெட்டின ஐஸை மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல கொண்டாந்து அதுல வெச்சு வித்தான் டூடர்னு ஒரு வெள்ளைக்காரன். கதவுக்கு நாற்காலி முட்டுக் குடுத்திருந்தா அவன் அன்னிக்கே போண்டி.

அப்புறம் அந்த ரிமோட்டு. மீட்டிங் ரூமுக்குள்ள நுழைஞ்சதும் 18. சீக்கிரம் குளிருமாம்! பீச் ஸ்டேஷன்ல ஏறி எழும்பூர்ல இறங்கறவன் தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தா ரயில் வேகமாப் போகுமா? ஏசிக்கு ஸ்டார் ஒட்டற டெல்லி ஆபீஸ், பி.இ.இ., ஒரு டிகிரி ஏத்தினா நூத்துக்கு ஆறு பங்கு கரண்ட் மிச்சம்னு சொல்லுது. அதனாலதான் 2020 ஜனவரி 1லேர்ந்து ஸ்டார் போட்ட ரூம் ஏசியெல்லாம் 24லதான் கண்ணு முழிக்கணும்னு விதி. அது பாவம் 24ல முழிக்குது, நீங்க அது கழுத்தை அமுக்கி 18க்குள்ள முக்கறீங்க.

ஹால்ல நடக்கறது இன்னும் கூத்து. சென்சாரைக் காபி மெஷினுக்கு மேல ஒட்டி வெச்சிருக்காங்க. காபி கொதிக்கறப்பல்லாம் அது "ஐயோ வேகுதே"ன்னு அலறுது, மொட்டைமாடியில கம்ப்ரஸர் பதறி அடிச்சுக்கிட்டு ஓடுது, நீங்க கீழ ஸ்வெட்டர் தேடறீங்க. புது சிஸ்டம் எத்தனை கலர்ல படம் காட்டினாலும் இந்தச் சென்சார் சொல்ற பொய்யைத்தானே நம்பப்போகுது? நாலு ஸ்க்ரூ கழட்டி, எதிர்ச் சுவத்துல மாட்டுங்க.

காத்துத் தள்ளற மோட்டாருக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கற வி.எஃப்.டி. போடலாம்னு அந்த சிஸ்டம் விக்க வந்தவன் சொன்னானே, அது மட்டும் உருப்படியான பேச்சு. வேகத்தைப் பாதியாக் குறைச்சா கரண்ட் பாதியில்ல, எட்டுல ஒரு பங்குன்னு ஏட்டுக்கணக்கு. நடப்புல கொஞ்சம் கூட இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். சனிக்கிழமை நாலு பேரு வர்ற ஹாலுக்கு நாப்பது பேரு காத்தை ஊதிக்கிட்டிருக்கோமே.

மாடிக்குப் போனா அவுட்டோர் யூனிட்டையும் தடவிப் பாருங்க. உப்பு பூத்துத் தகடெல்லாம் அப்பளமா நொறுங்குது. இந்த உப்புக்காத்துல அப்பப்ப நல்ல தண்ணி ஊத்திக் கழுவவேணாமா?

முதலாளிகிட்ட என் பேரைச் சொல்லிடாதீங்க. கன்சல்டன்ட்டு சொன்னாருன்னு சொல்லுங்க, அப்பத்தான் காதுல ஏறும். மூணு வருஷமா ஏன் வாயைத் திறக்கலைன்னா கேக்கறீங்க? கதவைச் சாத்திட்டீங்கன்னா நந்தியாவட்டைக்குத் தண்ணிக்கு நான் எங்க போறது? இப்ப மோட்டார் ரூம் பக்கத்துல புதுசா ஒரு குழாய் போட்டிருக்காங்க. இனிமே நீங்க திருந்தலாம் தம்பி.