ரிவர்ஸ்டன் இறக்கத்து வள்ளல்

முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியை இரண்டாயிரம் வருடமாகப் பாடிக்கொண்டிருக்கிறோம். பாரி தேர் கொடுத்தது ஒரேயொரு நாள். எங்கள் மாத்தளைக் கார்க்காரரோ ஒவ்வொரு இறக்கத்திலும் கொடுக்கிறார். ரத்தோட்டை வீதிக்கும் பலகடுவ வளைவுகளுக்கும் தமது முன்சக்கரத்துப் பிரேக் டிஸ்க்கைப் பொடிப்பொடியாக வழங்கி வருகிறார். சக்கரத்தில் படிந்திருக்கும் கறுப்புத் தூளைத் தொட்டுப் பாருங்கள், அத்தனையும் கொடை. அவரைப் பாட ஒரு கபிலர் இல்லையே என்ற குறையை என்னால் முடிந்த அளவு தீர்க்கிறேன்.

முதலில் அவருடைய வலது கால். ரிவர்ஸ்டனில் படமெடுத்து முடித்து ரத்தோட்டைப் பக்கம் இறங்கத் தொடங்கினால், பிரேக்கில் வைத்த பாதத்தை அடிவாரம் வரை எடுக்கமாட்டார். கொள்கையில் அப்படியோர் உறுதி! இறக்கத்தில் இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கட்டும் என்று ஜப்பான்காரர்கள் கியரில் ‘எல்’ என்றும், பிரியஸில் ‘பி’ என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறும்போது களைத்த இன்ஜினை இறங்கும்போதும் வேலை வாங்குவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. சாதாரண மனிதர்கள் அழுத்தி மிதித்து, விட்டு, டிஸ்க்குக்குக் காற்றுப்பட இடம் கொடுத்து, மறுபடி மிதிப்பார்கள். ஒரு டன் எடையுள்ள கார் 500 மீற்றர் உயரம் இறங்கினால் வெளிவரும் சக்தி 15 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதில் பெரும்பங்கை இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளின் தலையில் கட்டிவிட்டு, கண்ணாடியை இறக்கி மலைக்காற்று வாங்கத் தெரிந்தவர் அவர்.

எரிந்த வாடை வந்தால் மட்டும் இரக்கம் பொங்கும். ஓடையில் போத்தலை நிரப்பி வந்து டிஸ்க்குக்குத் தாகம் தீர்ப்பார். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு விழலாம், தட்டு கோணலாம் என்று கராஜ் பாஸ் சொல்வது வீண் பயமுறுத்தல். ஒதுக்கி நிறுத்தித் தானாக ஆறவிடுகிற அளவுக்கு அவருக்கு நேரமும் கிடையாது.

டிஸ்க் எவ்வளவு காலம் உழைக்கும் என்று கேட்டால், 50,000 முதல் 1,00,000 கிலோமீற்றர் வரை என்பது பொதுக்கணக்கு. தம்புள்ளைப் பக்கத்து நேர்வீதியில் ஓடும் காருக்கு மேல்கணக்கு, மலை இறங்கும் காருக்குக் கீழ்க்கணக்கு. ஆனால் கிலோமீற்றரைவிடத் தடிப்புத்தான் உண்மை பேசும். இவ்வளவுக்குக் கீழே தேயக்கூடாது என்ற எல்லையைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். 22 மில்லிமீற்றரில் பிறந்த தட்டுக்கு 20 என்றால் 20இல் ஓய்வு. பாஸ் அளந்து பார்த்து 18 என்றார். நம்மவர் கலங்கவில்லை. “பாஸ், இந்தமுறையும் லேத்துல கடைஞ்சு போட்டுருங்க” என்றார்.

“கடையிறதுக்கு இனி இரும்பு இல்ல, சேர்.”

நிலைமை அதுவரை போனதற்கும் காரணம் கொடைக்குணமே. பேட் தேய்ந்து 3 மில்லிமீற்றரை நெருங்கினால் கீச்சிட்டு எச்சரிக்கவென்று பல பேட்களில் ஒரு தகடு உண்டு. அது ஆட்டுப்பட்டியே ஓடிவருமளவு கீச்சிட்டது. அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி அதை வென்றார். பேட் முழுக்கக் கரைந்து, அடித்தகடு டிஸ்க்கில் வரப்பு வெட்டியது. அப்போதே பேட்டை மட்டும் மாற்றியிருந்தால் பேட் விற்பவனுக்கு மட்டுமே வியாபாரம் நடந்திருக்கும். டிஸ்க் விற்பவனின் பிள்ளைகுட்டிகளையும் நினைத்துப் பார்த்தவர் நம்மவர். கலிப்பர் பின்களைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசுவதையும் அவர் அனுமதித்ததில்லை. இறுகிப்போன கலிப்பர் ஒருபக்கப் பேட்டை விடாமல் அழுத்திக்கொண்டே வந்ததில் டிஸ்க்கின் ஒரு முகம் இன்னும் வேகமாகத் தேய்ந்தது.

அவருக்கு அக்கறையே இல்லை என்று யாராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். மழையில் இரவு முழுக்க நின்ற காரின் டிஸ்க்கில் காலையில் செந்துரு படர்ந்திருக்கும். நாலுதரம் பிரேக் மிதித்தால் போய்விடுகிற துரு அது. நம்மவர் பதறிப்போய் எண்ணெய் பூசப் புறப்பட்டார். பாஸ் ஓடிவந்து போத்தலைப் பிடுங்கியிராவிட்டால் அன்றைக்கே சரித்திரம் ஆகியிருப்பார்.

பிரேக் ஒயிலைத் தொடவே விடமாட்டார், வாங்கிய நாளில் இருந்தது இன்னும் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருதடவையாவது மாற்றுங்கள் என்பார்கள். டொட் 3 ஒயில் புதிதில் குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், மிதித்த பிரேக் தடையில்லாமல் தரைவரை போகும். பிட்டவல பத்தனவில் ‘சின்ன உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்க்க மற்றவர்கள் நடந்து போகிறார்கள். இவர் காரிலேயே போய்ச் சேரும் தகுதி படைத்தவர்.

சட்டமும் அவர் பக்கம்தான். வருடாந்த வரிப்பத்திரம் எடுக்கத் தனியார் காருக்குப் புகைச் சோதனைச் சான்றிதழ் வேண்டும். பிரேக் நன்றாக இருக்கிறது என்ற தகுதிச் சான்றிதழ் பஸ்ஸுக்கும் லொறிக்கும்தான். மலையிலிருந்து உருண்டாலும் புகை தள்ளாமல் உருள வேண்டும், அவ்வளவே! போதாததற்கு வருடம் தவறாமல் முத்துமாரியம்மன் கோவிலுக்குக் கொண்டுபோய் நாலு சக்கரத்துக்கும் தேசிக்காய் வைக்கிறார். நாலு காய்க்கு ஆகும் செலவைப் பார்த்தால் பராமரிப்பில் இதைவிட மலிவானது இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற காரைக் காப்பாற்றப் பலர் பஞ்சிகாவத்தைக் கடைகளில் அலைந்தார்கள். இவரும் அலைந்தார். சீட் கவர், பெரிய திரை, பின்பக்கக் கமரா, மினுக்கும் பொலிஷ் எல்லாம் வந்து சேர்ந்தன. பின்னால் வருபவனைத் துல்லியமாகப் பார்க்கலாம். முன்னால் போகிறவனைத்தான் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது காரை விற்கப் போகிறாராம். விளம்பரத்தில் ‘பிரேக் சுப்பர்’ என்று போட்டிருக்கிறார். வாங்க வருபவர் ஓட்டிப் பார்க்க ரத்தோட்டை வீதியைக் கேட்டால் அங்கே வெட்டு வேலை நடக்கிறது என்பார். தம்புள்ளைப் பக்கம் நேரான வீதி பார்த்து வைத்திருக்கிறார், காலை நேரம், பாட்டுப் போட்டபடி.